சான் பிரான்சிஸ்கோ நாய்நடை உரிமம்: நல்ல விதி, பெரிய ஓட்டை

பொது இடத்தில் காசுக்கு 4 முதல் 8 நாய்களை நடத்திச் செல்பவருக்கு 2013 முதல் நகரின் உரிமம் கட்டாயம். எட்டுக்கு மேல் கூடாது. காப்பீடு வேண்டும்; நாய்களை ஏற்றிச் செல்லும் வண்டியையும் சோதிப்பார்கள். அதுதான் உருப்படியான பகுதி. தடுப்பில்லாத வண்டியில் சடன் பிரேக் போட்டால் நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், கடி அங்கேயே தொடங்கிவிடும்.

ஓட்டை எங்கே? மூன்று நாய் வரை உரிமமே தேவையில்லை. எட்டு என்பதும், என் கணக்கில், அதிகம்தான். நாயைக் கட்டிய வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்பவரிடம் நாயை விடாதீர்கள். அணிலைக் கண்டு ஒன்று பாய்ந்தால் கை சிக்கி ஆளே விழுவார். வார் நுனியிலுள்ள கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடிக்க வேண்டும். உரிமத்தோடு காப்பீட்டின் காலாவதித் தேதியையும் கேட்டுப் பாருங்கள்.