ஜாஸ்மாஸ்டர்: பிக்கப்பை மாற்றுவதா, வயரிங்கை மாற்றுவதா?

என்னிடம் இருப்பது ஸ்குவையர் (ஃபெண்டரின் மலிவு பிராண்ட்) கிளாசிக் வைப் 60ஸ் ஜாஸ்மாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்தக் கிட்டாரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் எனக்கும் வந்தன. ட்ரெபிள், அதாவது கூரிய மேல் சத்தம், காதைக் குத்துகிறது. 'ம்ம்' என்ற மின் இரைச்சலான ஹம் அடிக்கிறது. மேல்பக்கம் இருக்கும் சின்ன ஸ்லைடு சுவிட்சில் கை பட்டுவிட்டால் பாட்டின் நடுவே சத்தம் மங்கிவிடுகிறது.

இதற்கு வழிகள் நான்கு. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றி, அதே ஜாஸ்மாஸ்டர் வகையில் தரமான புது சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுருள் பிக்கப்) போடலாம். ஜாஸ்மாஸ்டர் மூடிக்குள் வரும் பி-90 என்ற வேறு வகை சிங்கிள் காயில் போடலாம். இரண்டு சுருள் வைத்து ஹம்மை அடக்கும் ஹம்பக்கர் போடலாம். இல்லையென்றால் பிக்கப்பைத் தொடாமல் வயரிங்கை மட்டும் திருத்தலாம். நான் கடைசி வழியில் போனேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் இந்தக் கிட்டார் ஏன் இப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபெண்டர் 1958ல் ஜாஸ் வாசிப்பவர்களை இழுக்கத்தான் இதைக் கொண்டுவந்தது. ஸ்லைடு சுவிட்சை மேலே தள்ளினால் வேலை செய்யும் 'ரிதம் சர்க்யூட்' அவர்களுக்காக வைத்தது: கழுத்துப் பக்க (நெக்) பிக்கப் மட்டும், அதற்கென்று தனி வால்யூம், தனி டோன், இரண்டும் உருளைச் சக்கரங்களாக. அங்கே டோன் பாட் (குமிழோ சக்கரமோ திருகும் மாறு-ரெசிஸ்டர், பொட்டென்ஷியோமீட்டர்) 50 கே, அதாவது 50 கிலோ ஓம், மட்டுமே என்பதால் சத்தம் இருட்டாக இருக்கும். ஜாஸ்காரர்கள் வரவில்லை. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக் குழுக்கள் வந்தன, அவர்களுக்கு வேண்டியது நேரெதிரான, பளிச்சென்ற சத்தம். அது கீழே இருக்கும் லீட் சர்க்யூட்டில் ஏற்கெனவே இருந்தது.

அந்தப் பளிச்சுக்குக் காரணம் பிக்கப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அந்த பாட்களின் மதிப்பில் இருக்கிறது. ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வால்யூமும் டோனும் 250 கே. கிப்சனின் லெஸ் பால் வகையில் பொதுவாக 500 கே. ஜாஸ்மாஸ்டரில் இரண்டுமே 1 மெக் (1,000 கே). டோனை முழுக்கத் திறந்து வைத்திருக்கும்போது, மேல் அலைவரிசைகளைப் பொறுத்தவரை இரண்டு பாட்டும் பக்கம் பக்கமாக பிக்கப்பின் மேல் சுமையாக உட்கார்கின்றன. கணக்குப் போட்டால் ஸ்ட்ராட்டில் சுமை சுமார் 125 கே, லெஸ் பாலில் 250 கே, ஜாஸ்மாஸ்டரில் 500 கே. எண் பெரிதாக ஆக சுமை குறைகிறது, ட்ரெபிள் அடங்காமல் அப்படியே ஆம்புக்குப் போகிறது. அதாவது இந்தக் கிட்டாரில் உட்காரும் எந்த பிக்கப்பும், அதே பிக்கப் ஸ்ட்ராட்டில் இருந்தால் கேட்பதைவிடக் கூர்மையாகத்தான் கேட்கும். காசு கொடுத்துப் புது பிக்கப் போட்டும் குத்தல் போகவில்லை என்று புலம்புகிறவர்கள், பெரும்பாலும் பாட்டை அப்படியே விட்டவர்கள்.

இதைத் திருத்த ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். லீட் வால்யூமில் பிக்கப் சிக்னல் வந்து சேரும் ஓரக் காலிலிருந்து எர்த்துக்கு 470 கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால், மொத்தச் சுமை 240 கே சொச்சத்துக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட லெஸ் பால் கணக்கு. 1 மெக் ரெசிஸ்டர் வைத்தால் 330 கே அளவில் நிற்கும், பளிச்சும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பாட் அப்படியே இருப்பதால் வால்யூம் திருகும் விதமும் மாறாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சமாச்சாரம்.

எந்த மதிப்பு என்று முடிவு செய்ய ஒரு வழி சொல்கிறேன். அந்தக் காலிலிருந்து ஒரு வயர், எர்த்திலிருந்து ஒரு வயர் என்று இரண்டை எடுத்து பிக்கார்டின் (கிட்டாரின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு) ஓரமாக வெளியே விட்டு, கார்டை மூடி, தந்திகளைப் போட்டுவிடுங்கள். வெளியே தொங்கும் முனைகளில் முதலைக் கிளிப்பால் ஒவ்வொரு ரெசிஸ்டராக மாட்டி வாசித்துப் பாருங்கள். அப்போது ஹம் கொஞ்சம் கூடுதலாக வரும், அந்த வயர்களே ஆன்டெனா மாதிரி இழுக்கும். கவலை வேண்டாம். பிடித்த மதிப்பை உள்ளே பற்றவைத்ததும் அது போய்விடும். நான் 470 கேயில் நின்றேன்.

சரி, அந்த ஸ்லைடு சுவிட்ச்? அதைப் பிடுங்கி எறிவது ஒரு பழக்கம். 2009ல் ஃபெண்டர் வெளியிட்ட சோனிக் யூத் என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்டுகளின் இரண்டு சிக்னேச்சர் ஜாஸ்மாஸ்டர்களிலும் ரிதம் சர்க்யூட் கிடையாது. எடுத்துவிட்டால் கை தவறிப் படும் தொல்லை தீரும், ஆனால் கையில் ஒரு நல்ல சுவிட்ச் வீணாகும். அது ஆறு கால் உள்ள டி.பி.டி.டி. வகை, அதாவது இரண்டு இணைப்புகளை ஒரே தள்ளலில் மாற்றுவது. அதை வைத்து இரண்டு பிக்கப்பையும் சீரிஸாக்கலாம்.

செய்முறை இதுதான். ஒரு பக்கத்து நடுக்காலில் பிரிட்ஜ் பிக்கப்பின் (தந்திகள் உடலில் ஏறி உட்காரும் பாலத்துப் பக்கம் இருப்பது) எர்த் வயர். கீழே தள்ளினால் எர்த்துக்கும் மேலே தள்ளினால் நெக் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) வயருக்கும் போக வேண்டும். மறுபக்கத்து நடுக்காலில் நெக்கின் ஹாட். கீழே தள்ளினால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் டாகிள் சுவிட்சுக்குப் போக வேண்டும், மேலே தள்ளினால் டாகிளிலிருந்து கழன்றுவிட வேண்டும். கீழே இருக்கும்போது எல்லாம் வழக்கம்போல. மேலே தள்ளினால் இரண்டு காயிலும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஒரே பெரிய பிக்கப்பாகப் பேசும். சத்தம் கூடும், மிட் தடிக்கும், ட்ரெபிள் உருண்டு இறங்கும். ஜாஸ்மாஸ்டரின் இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமுமாகச் செய்யப்படுவதால், சீரிஸிலும் ஹம் அடிபட்டுப்போகிறது. ஹம்பக்கர் செய்யும் வேலையும் இதே தத்துவம்தான். ஒரு வேடிக்கை: மேலே தள்ளிய நிலையில் டாகிளை நெக் பக்கம் வைத்தால் சத்தமே வராது. தெரியாதவர் பயந்துபோவார். நான் அதையே நிறுத்து சுவிட்சாகப் பயன்படுத்துகிறேன்.

டெலிகாஸ்டர் கிட்டாரில் இதே வேலைக்கு முதலில் நெக் பிக்கப்பின் உலோக மூடியை எர்த்திலிருந்து பிரித்து அதற்குத் தனி வயர் கொடுக்க வேண்டும். இங்கே மூடி பிளாஸ்டிக் என்பதால் அந்த வம்பு இல்லை.

மற்ற மூன்று வழிகளுக்கு வருவோம். புது சிங்கிள் காயில் என்றால் செய்மூர் டங்கனின் எஸ்.ஜே.எம்-1, ஃபெண்டரின் ப்யூர் வின்டேஜ் 65 போன்றவை. நல்ல பொருட்கள், துலக்கம் கூடும். ஆனால் சுங்கமும் தபால் செலவும் சேர்ந்தால் கிட்டாரின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், குணமோ அதே குடும்பத்துக் குணம். ரெசிஸ்டரும் சீரிஸும் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் மனம் அடங்கவில்லை என்றால் வாங்கலாம்.

பி-90 வேறு ரகம். வெளியே பார்க்க ஒரே மூடி, உள்ளே வேறு. ஜாஸ்மாஸ்டரில் காந்தத் தண்டுகளே காயிலின் நடுவே நிற்கும், காயில் அகலமாகத் தட்டையாக இருக்கும். கிப்சன் 1946ல் கொண்டுவந்த பி-90ல் காந்தம் அடியில் படுத்திருக்கும், நடுவே இருப்பது இரும்புத் திருகுகள். சத்தத்தில் மிட் முன்னால் வந்து கரகரக்கும். நண்பர் ஒருவரின் கிட்டாரில் வாசித்திருக்கிறேன். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்க அருமை, சுத்தமான சத்தத்தில் அந்த ஜாஸ்மாஸ்டர் மினுமினுப்பு காணாமல் போகிறது. அதிக நேரம் வாசித்ததில்லை என்பதால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஹம் விஷயத்தில் பி-90ம் சிங்கிள் காயில்தான்.

ஹம்பக்கர்தான் நிஜப் போட்டியாளர், காரணம் வெறும் ஹம். வீட்டில் 50 ஹெர்ட்ஸ் ஹம், போதாததற்கு டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், சுவர்ப் பிளக்கில் ஒழுங்காக இணைக்காத எர்த். காப்பர் டேப் ஒட்டினால் தீரும் என்பார்கள். தீர்வது ஒரு பகுதிதான். காப்பர் டேப்பும் கடத்தும் பெயின்டும் தடுப்பது மின்புலம் வழியாக வரும் 'ஜிர்ர்'ரென்ற இரைச்சலை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வரும் அடி ஹம்மை மெல்லிய செம்பு தடுக்காது. அதற்கு வழி, திரும்பி உட்கார்வது, அல்லது இரண்டு காயில்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள விடுவது. என் வயரிங்கில் டாகிள் நடுவிலும் சீரிஸிலும் அமைதி. தனி பிரிட்ஜ், தனி நெக் என்று வந்தால் ஹம் இருக்கத்தான் செய்கிறது. ஹம்பக்கரில் எல்லா நிலையிலும் அமைதி. இந்த இடத்தில் அது ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனாலும் நான் அதற்குப் போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: திரும்பி வர முடியுமா என்பது.

ஜாஸ்மாஸ்டர் மூடி அளவுக்கே செய்த ஹம்பக்கர் கிடைக்கிறது, அது பரவாயில்லை. சாதாரண முழு அளவு ஹம்பக்கரை உட்கார வைக்க வேண்டும் என்றால் மரத்தைக் குடைய நேரலாம், பிக்கார்டையும் வெட்ட வேண்டும். கார்டு போனால் வேறு கார்டு வாங்கலாம். மரம் போனால் போனதுதான். கார்டுக்கு அடியில் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள். விற்கும்போது தெரியும். ஜாஸ்மாஸ்டரைத் தேடி வாங்குகிறவர் கார்டைக் கழற்றி ஒரு படம் அனுப்பச் சொல்கிற ஆள். ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். 1970களிலும் 80களிலும் இந்தக் கிட்டார்களைக் குடைந்தும் வெட்டியும் பார்த்தவர்கள், அடகுக்கடையில் மலிவாகக் கிடந்ததை வாங்கியவர்கள். ஜாஸ்மாஸ்டரின் தயாரிப்பே 1980ல் நின்றுபோனது. அன்று அதைக் கெடுப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது. இன்று குடையாத 60களின் ஜாஸ்மாஸ்டருக்கும் குடைந்ததற்கும் விலையில் பெரிய இடைவெளி. ஸ்குவையருக்கு அந்த அளவு இல்லை என்றாலும் திசை அதேதான்.

மரத்துக்கு அடுத்து பலரும் யோசிக்காதது பாட்டின் துளை. ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களில் பல சமயம் சின்ன பாட் இருக்கும். அமெரிக்க சி.டி.எஸ் நிறுவன பாட்டின் கழுத்து 3/8 அங்குலம். அதைப் போட வேண்டும் என்றால் கார்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும், பழைய குமிழும் புது தண்டில் ஏறாமல் போகலாம். 'வயரிங் கிட்' வாங்கும் முன் அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் வழியில் இந்தத் தொல்லையே வருவதில்லை.

நான் செய்ததை அவிழ்க்க சோல்டரிங் அயர்ன் மட்டும் போதும். ஆரம்பிக்கும் முன் உள்ளே எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்தேன். வயர்களை வெட்டிக் குட்டையாக்கவில்லை. ரிதம் சர்க்யூட்டின் உருளை பாட்டுகள் இணைப்பில்லாமல் அங்கேயே இருக்கின்றன, அவற்றின் வயர் முனைகளில் டேப் சுற்றி எது எது என்று எழுதியிருக்கிறது. ஸ்லைடு சுவிட்சில் அயர்னை அதிக நேரம் வைக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடும். ஒரு காலை முடித்ததும் ஆறவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

வயரிங் வழி எல்லோருக்கும் பொருந்தாது. கெயினை ஏற்றி வைத்து பிரிட்ஜ் பிக்கப்பிலேயே முழு நேரமும் வாசிப்பவர், மேடையின் எல்.ஈ.டி விளக்குகளுக்கு அடியில் நிற்பவர் என்றால், மூடி அளவு ஹம்பக்கர்தான் சரி. அதை 1 மெக் பாட்டோடு அப்படியே கட்டாமல் இந்த 470 கேயையும் சேர்த்துக்கொள்ளட்டும். உண்மையான ஜாஸ் வாசிப்பவரோ ரிதம் சர்க்யூட்டைக் கலைக்காமல் இருப்பதே நல்லது, அந்த இருட்டுச் சத்தம் என் வயரிங்கில் கிடைக்காது. டோனை இறக்கிக் கிட்டே போகலாம், அவ்வளவுதான். லீட் டோனில் இருக்கும் 0.033 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை நான் தொடவில்லை. டோனை முழுக்க இறக்காதவரை அதை மாற்றுவதில் வித்தியாசம் கேட்பது கடினம்.