2009இல் கால், இப்போது கை

டொராண்டோவிலிருந்து தென்காசிப் பக்கம் போனதே பெரியப்பா மகனைப் பார்க்கத்தான். 2009இல் பனையிலிருந்து விழுந்தவர். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பலசரக்குக் கடை நடத்துகிறார். கை மட்டும் அப்படி ஒரு வலு. அந்தக் கையில்தான் இப்போது கோளாறு. கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரிகிறதாம். இருமினால் கழுத்திலிருந்து தோள்வரை சுள்ளென்று இழுக்கிறது. “வயசாகுதுல்லா தம்பி” என்றார்.

உள்ளூர் கிளினிக்கில் கழுத்துத் தேய்மானம் என்று காலரை மாட்டிவிட்டிருந்தார்கள். ஸ்கேன் சென்டரில் வாசலிலேயே படிக்கட்டு. இரண்டு பேர் மூட்டையைப் போல் தூக்கிப்போனார்கள். உள்ளே போனால், முதுகில் கம்பி இருக்கிறது, எம்ஆர்ஐ முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். டைட்டானியம் கம்பிக்குப் பெரும்பாலும் தடையில்லை. அறுவை சிகிச்சைக் குறிப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அப்புறம் வேலூர் பாகாயம். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம். மருத்துவர் முதலில் சுடுநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையும் குளிர்நீர் நிரப்பியதையும் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு முதுகெலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ.

தெரிந்தது சிரிங்கோமைலியா, அதாவது தண்டுவடத்துக்குள் நீர்க்குழி. அடிபட்ட இடத்தில் தண்டுவடம் அதன் உறையோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள நீரின் ஓட்டம் தடைபடும். உள்ளே ஒரு குழி உண்டாகி நீர் தேங்கி மெல்ல மேலே நீளும். சில மாதங்களிலும் வரலாம், இருபது முப்பது வருடம் கழித்தும் வரலாம். சூட்டையும் வலியையும் கடத்தும் இழைகள் தண்டுவடத்தின் நடுவில் குறுக்கே கடப்பதால் அவைதான் முதலில் அடிபடுகின்றன. தொடு உணர்வு தப்பித்துக்கொள்கிறது. டம்ளரைப் பிடிக்க முடிகிறது, சூடு தெரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

டிரங்குப் பெட்டியில் கிடந்த 2009 டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய் பற்றியெல்லாம் இருக்கிறது. வருடங்கள் கழித்துப் புதிதாக மரத்துப்போனால் உடனே வரச் சொல்லி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

ஒட்டலை விடுவிக்க அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நோக்கம் இதற்கு மேல் பரவாமல் தடுப்பது. போன உணர்வு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதுவரை மூச்சைப் பிடித்து எடை தூக்கக் கூடாது. அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “அப்ப கடைக்குச் சரக்கு யாரு இறக்குவா?” மதினி ஏற்கெனவே ஆள் பேசிவிட்டார்.