வீடு தேடி வரும் சந்தா மருத்துவர்: வலி மருந்துக்கு எவ்வளவு தூரம் உதவுகிறார்?

காரைக்குடியை மையமாகக் கொண்டு கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை வரை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆண்டுச் சந்தா மருத்துவர் சேவை ஒன்றில் எங்கள் ஆத்தாவைச் சேர்த்திருக்கிறோம். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதால் வந்த வலிக்காகவே சேர்த்தோம் என்பதால், இந்த மதிப்புரையும் வலி மருந்து என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொள்கிறது. மருத்துவருக்காக என்றால் இந்தச் சந்தா தகும். பணம் கட்டினால் வலுவான மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று நம்பிக் கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். சேவையின் பெயரை நான் எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் எந்தச் சேவையும் இதே சட்டங்களுக்குக் கட்டுப்பட்டதுதான்.

ஆண்டுக்கட்டணம் பெற்றுக்கொண்டு குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளை மட்டும் பார்க்கும் இந்த முறை அமெரிக்காவில் 1996-இல் சியாட்டில் நகரில் தொடங்கியது. செட்டிநாட்டுக்கு இது ஏன் பொருந்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் வீட்டில் வயதான இருவரும் ஒரு சமையலாளும் மட்டும் இருக்கிற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. எங்களிடம் ஒருவருக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் வாங்கினார்கள். மாதம் இரு முறை மருத்துவர் வருகை, வீட்டிலேயே இரத்தப் பரிசோதனை, எந்நேரமும் தொலைபேசி ஆலோசனை ஆகியவை அதில் அடக்கம்.

மருத்துவரின் முதல் வருகையிலேயே சந்தாப் பணத்தின் பெரும்பகுதி நியாயமாகிவிட்டது. வலிக்குப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் கேட்பது வழக்கம். ஆத்தாவிடம் அது செல்லுபடியாகவில்லை என்று கண்டதும் அவர் கேள்வியை மாற்றினார். வளவில் பாய்க்கு அருகில் தரையில் உட்கார்ந்து, "ஆச்சி, ராத்திரி எந்தப் பக்கம் படுத்தா தூக்கம் வருது?" என்று கேட்டார். "எந்தப் பக்கமும் வரலே தம்பி, தூணுல சாஞ்சு உக்காந்தே கெடக்கேன்" என்றார் ஆத்தா. தலை வார எத்தனை முறை கையை இறக்க வேண்டியிருக்கிறது, வலி குத்துகிறதா எரிகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கால் மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்படாமல் போவதும் தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம், அப்படி நேர்ந்தால் தமக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எங்கள் சமையற்காரம்மாவையும் அழைத்துச் சொல்லிவைத்தார். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் எந்த மருத்துவராலும் இவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது.

மருந்தைப் படிப்படியாகவே ஏற்றினார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையில் ஆத்தாவின் கிரியாட்டினின் அளவு கூடுதலாக இருந்ததால், இங்கே முழங்கால் வலிக்குக்கூடத் தயங்காமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக்கை அறவே நிறுத்தச் சொன்னார். சிறுநீரகத்துக்கு அது செய்யும் கேட்டை எங்களிடம் முன்பு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. பாராசிட்டமால் போதாதபோது அதைவிட வலுவான டிரமடால் எழுதினார். விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கும் ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்து அது. மெடிக்கலில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மாத்திரையின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும், அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். 2018-இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. அத்தகைய மருந்துகளைத் தொலைமருத்துவம் வழியாக எழுதக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. சென்னையிலிருந்து என் தம்பி காணொளியில் வந்து, சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமே என்று வற்புறுத்தியபோது, மருத்துவர் அதற்கு இணங்காமல் அன்று மாலையே நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். இவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

டிரமடாலும் போதாமல், அதைவிட வலுவான மார்ஃபின் தேவைப்பட்டபோதுதான் இந்தச் சேவையின் எல்லை தெரிந்தது. கையேட்டில் 'வீட்டிலேயே முழுமையான வலி நிவாரணம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியை அவர்கள் நீக்கிவிட வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிம விதிகளும் சேர்ந்து, மார்ஃபினை உண்மையான நோயாளிக்கும் எட்டாததாக்கி வைத்திருந்தன. 2014-இல் வந்த திருத்தம், அத்தியாவசியமான போதை மருந்துகளை நாடு முழுவதற்கும் ஒரே விதியின் கீழ் கொண்டுவந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரிக்கும் மருத்துவ நிறுவனங்கள் அவற்றை இருப்பு வைத்து வழங்க வழி செய்தது. ஆயினும் நடைமுறையில் தெருமுனை மெடிக்கலில் மார்ஃபின் மாத்திரை கிடைப்பதில்லை; அங்கீகாரம் இல்லாத தனி மருத்துவர் தம் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கவும் முடியாது. மிகக் குறைந்த விலையுள்ள மாத்திரை, 36,000 ரூபாய் கட்டியவருக்கும் கைக்கெட்டாமல் நிற்கிறது. பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் நடக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது.

எங்கள் மருத்துவர் செய்தது வேறு. நோயின் வரலாறு, ஸ்கேன் முடிவுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் அளவு, சிறுநீரகத்தின் நிலை எல்லாவற்றையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, மதுரையில் அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்கு எங்கள் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசினார். திருப்பத்தூர், மேலூர் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆத்தாவைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து அழைத்துப் போனோம். கடிதம் இருந்ததால் அன்றைக்கே பதிவும் முடிந்து மாத்திரையும் கிடைத்தது. அடுத்தடுத்த முறை மருந்து வாங்க வீட்டார் மட்டும் போனால் போதும் என்று அங்கே ஏற்பாடு செய்துகொடுத்தார்கள்.

மாத்திரை கைக்கு வந்த பிறகும் பாதி வேலை மீதமிருந்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் ஆற்றல் சுமார் நான்கு மணி நேரமே நீடிப்பதால், வலி வந்தபின் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும், சிறுநீரகம் தளர்ந்தவர் என்பதால் இடைவெளியைத் தாம் சொல்லும்படி மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கினார். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தைச் சேர்த்தார். எங்கள் அத்தை ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து, இடப்பக்கம் கொடுத்த நேரமும் வலப்பக்கம் ஆத்தா சொன்ன வலியுமாகப் பற்று வரவு போலவே எழுதிவந்தார். மருத்துவர் ஒவ்வொரு வருகையிலும் முதலில் அந்த நோட்டைத்தான் படித்தார். மார்ஃபின் என்றாலே அடிமையாகிவிடுவார், இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று பேசிய உறவினர்களிடமும் அவர் பொறுமையாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஆத்தா இப்போது இரவில் படுத்துத் தூங்குகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 'எந்நேரமும்' என்ற தொலைபேசி எண்ணை இரவு பத்து மணிக்கு மேல் வேறு ஊரிலிருக்கும் அழைப்பு மையம் எடுக்கிறது. ஒரு நள்ளிரவில் வலி கூடியபோது எடுத்துப் பேசிய மருத்துவர் எங்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் டைக்ளோஃபினாக் ஊசி போடச் சொன்னார். சிறுநீரகத்தின் நிலையை நாங்கள் அறிந்திருந்ததால் மறுத்துவிட்டோம். அறியாத குடும்பமாக இருந்தால் என்னவாகியிருக்கும்? வலி நள்ளிரவில்தான் பெரிதாகிறது. அந்த நேரத்தில் நோயாளியின் கோப்பைப் பார்க்காதவரைப் பேசவைப்பது சேவையாகாது. புகார் அளித்த பிறகு எங்கள் மருத்துவரின் எண்ணையே இரவுக்கும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் இது கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக இருந்திருக்கக் கூடாது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளோடு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகின்றன, கட்டணமின்றி. எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் படுக்கைப் புண் வராமல் ஆத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் சொல்லித்தந்த அளவுக்குச் சந்தா சேவையின் செவிலியர் சொல்லித்தரவில்லை. சந்தா கட்டுபவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மார்ஃபின் தேவைப்பட்டால் எந்த அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார், மருத்துவர் வலி நிவாரணப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரா. முதல் கேள்விக்கு மருத்துவமனையின் பெயரோடு பதில் வராவிட்டால் சேர வேண்டாம். நாங்கள் இரவு எண்ணை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரச் சொல்லி, அதைப் பெற்றுக்கொண்ட பிறகு அடுத்த ஆண்டுக்கும் புதுப்பித்திருக்கிறோம்.