மங்குக்குப் போடும் மூன்று மருந்து க்ரீம்: எட்டு வாரத்துக்கு அருமை, அதற்கு மேல் ஆபத்து

ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினாயின் 0.05%, ஃபுளூசினோலோன் 0.01%. கன்னத்திலும் மேலுதட்டிலும் கருந்திட்டாகப் படரும் மங்குக்கு இந்தக் கூட்டு க்ரீம் அளவுக்குச் சீக்கிரம் பலன் தரும் பூச்சு மருந்து அரிது. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் வகுத்த கலவையின் வழிவந்தது இது.

ஹைட்ரோகுவினோன், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோல் செல்களை விரைவாக உதிரவைத்து, தேங்கிய நிறமியை வெளியேற்றுகிறது. இரண்டுமே தோலை எரிக்கும். அந்த எரிச்சலே புதுக் கருமையைக் கொண்டுவந்துவிடலாம். அதை அடக்கத்தான் ஃபுளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு.

இரவில் ஒரு வேளை போதும். முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, படுக்க அரை மணி நேரத்துக்கு முன் தடவ வேண்டும். முகம் முழுக்கவே பட்டாணி அளவுதான். கருமையின் மேலும் அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டரும் மெல்லிசாக. மூக்கோரமும் வாயோரமும் சீக்கிரம் புண்ணாகும் இடங்கள், அங்கே முதலில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். லேசான சிவப்பும் செதில் உரிவதும் வழக்கம். எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு கூடவே கூடாது, தோலில் பழுப்புக் கறை விழும்.

ட்யூபின் வாயைப் பாருங்கள். காற்றுப் பட்டால் ஹைட்ரோகுவினோன் கெட்டு, க்ரீம் பழுப்பாகும். அப்படியானதைத் தூக்கிப் போடலாம். சிறிய ட்யூபாக வாங்குவதே நல்லது.

பகலில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இந்தக் க்ரீம் வீண். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள எஸ்பிஎஃப் 50 வேண்டும். இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

எங்கள் பெரிய கவலை, நிறுத்தாமல் தடவுவதுதான். முகம் பளிச்சென்று ஆனதும் பலரும் இதை அழகு க்ரீமாக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போனால் ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பரு கிளம்பும். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால் நீலமும் கறுப்பும் கலந்த ஓக்ரோனோசிஸ் என்ற கறை வரலாம். அது மங்கு திரும்பிவிட்டது போலவே தெரிவதால், இன்னும் அதிகமாகத் தடவுவார்கள். கறை இன்னும் ஆழமாகும், எடுப்பது மிகக் கடினம். லேபிளையும் படியுங்கள்: ஃபுளூசினோலோனுக்குப் பதில் மோமெடசோன் என்ற வேறு ஸ்டீராய்டு இருந்தால் அது வேறு மருந்து. இந்த எட்டு வாரக் கணக்கை அதற்குப் பொருத்தக் கூடாது.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே வேண்டாம். நிறமி உள்தோலில் இறங்கிய சாம்பல் நிற மங்குக்குப் பலன் குறைவு. வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் மருத்துவர் பார்த்தால் ஆழம் ஓரளவு தெரியும். எட்டு வாரம் முடிந்ததும் மருத்துவரைக் கேட்டு அசெலாயிக் அமிலம் 20%-க்கு மாறலாம். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஸ்டீராய்டு இல்லாததால் மாதக்கணக்கில் தொடரலாம்.