உறைந்த தோளுக்கு எண்ணெய்த் தடவலா, ஊசியா, கம்புப் பயிற்சியா?

போன ஆடி மாதம் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஏறி, இடக்கையால் மேல்கம்பியைப் பிடிக்கப் போனேன். கை தோள் மட்டத்தைத் தாண்டவில்லை. எனக்கு வயது 53, பத்து வருடமாகச் சர்க்கரை. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. மகன் பிடித்துத் தூக்கினாலும் கை அதே இடத்தில்தான் நின்றது. தசைநார் கிழிந்தால் நாமே தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் அடுத்தவர் தூக்கிவிடலாம். யார் தூக்கினாலும் நிற்கிறது, எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால், தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் 1934-இல் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, கூடுதலாக வரும்.

நம் பக்கம் தோள்பூட்டு வலி என்றால் முதலில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம்தான் போகச் சொல்வார்கள். நானும் போனேன். மூன்று வாரம் எண்ணெய் போட்டுத் தடவினார். இரவில் தூக்கம் வந்தது, கழுத்து இளகியது. கையும் முன்பைவிட மேலே ஏறியது. "வலி போவும், பூட்டு திறக்க நாளாவும்" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அது எவ்வளவு சரியான பேச்சு என்பது பிசியோதெரபிஸ்ட் என் கையை அளந்தபோதுதான் புரிந்தது.

இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் தட்டையானது. பந்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைத் தொடுவதில்லை. அதனால்தான் கை இவ்வளவு தூரம் சுழல்கிறது. பந்து நழுவாமல் பிடித்து வைப்பவை நான்கு சிறு தசைகளும் அந்த உறையும்தான். கையை 180 டிகிரி தூக்கும்போது ஏறத்தாழ 120 டிகிரி இந்தப் பந்து மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்குவதால் வருகிறது. பந்து மாட்டிக்கொண்டால் பட்டை எலும்பு அதிகமாகச் சறுக்கி ஈடு கட்டப் பார்க்கும். எனக்குக் கை ஏறியது அப்படித்தான். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், இடத்தோள் காதை நோக்கி உயர்ந்தது.

அதனால் எதைத் தேர்ந்தாலும் இந்த ஒன்றை அளந்து பாருங்கள். முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இந்த அசைவில் பட்டை எலும்பால் பெரிதாக உதவ முடியாது. உறை இறுகினால் முதலில் போவதும் இதுதான். என் வலக்கை 60 டிகிரி திரும்பியது, இடக்கை 10. ஆசானிடம் போகும் முன்பு பார்த்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம், அது இல்லை. ஆனால் மூன்று வாரத் தடவலுக்குப் பிறகும் பத்துதான் என்பதே எனக்கு முடிவைச் சொல்லிவிட்டது.

பயிற்சிக்கு ஒரு கம்பு போதும். நான் பழைய குடையை எடுத்துக்கொண்டேன். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே மடித்த துவர்த்தை, அதாவது துண்டை, செருகி, குடையின் இரு முனையையும் பிடித்து, வலக்கையால் இடக்கையை மெல்ல வெளியே தள்ள வேண்டும். பத்து நொடி நிறுத்தி, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. துவர்த்து கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது, அந்தத் தடவை கணக்கில் இல்லை. மோட்டார் போட்டபின் சும்மா கிடந்த கிணற்றுக் கப்பியை உத்தரத்தில் கட்டி, கயிறு இழுத்துக் கை தூக்கவும் பழகினேன். செய்து முடித்த வலி கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவு மீறிவிட்டோம். வலி உச்சத்தில் இருக்கும் தொடக்க மாதங்களில் முரட்டுத்தனமாக இழுத்தால் கூடிவிடும். அப்போது மேசையில் சாய்ந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடக்கை வெளிப்பக்கம் திரும்புவது இரண்டு மாதத்தில் 25 டிகிரி, ஐந்தாவது மாதம் 45. இந்த நோய் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவும் இளகக்கூடியது, அதனால் முழுப் பெருமையும் குடைக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஸ்டீராய்டு ஊசி நான் போடவில்லை. என் மதினி போட்டாள். சில நாளிலேயே வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் சர்க்கரை ஒரு வாரம் ஏறி நின்றது. அதைப் பார்த்துத்தான் தயங்கினேன். இப்போது யோசித்தால், ஊசியைப் பயிற்சிக்குப் போட்டியாக நினைத்தது என் தவறு. பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபி, மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடுவது, துளை போட்டு உறையை வெட்டிவிடுவது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலாக இல்லை. அங்கே பயிற்சி தனியாக இல்லை, ஊசியும் கூட இருந்தது. இரவுத் தூக்கமே போகிற வலி என்றால் மருத்துவரிடம் ஊசி பற்றிக் கேட்டுவிடுங்கள், வலி அடங்கிய இடைவெளியில் கம்பைப் பிடியுங்கள். தடவல் பிடித்திருந்தால் அதையும் விட வேண்டாம், நான் இன்றும் மாதம் ஒருமுறை ஆசானிடம் போகிறேன்.

பஸ் கம்பி இப்போது எட்டுகிறது. முதுகுக்குப் பின்னால் மட்டும் கை அரைஞாண் கயிற்றோடு நிற்கிறது. துவர்த்தைப் பின்பக்கம் பிடித்து மேலே இழுக்கும் பயிற்சியை இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறேன்.