கண்ணாடியா, கழுத்தா? குமரி ரோடுகளில் சைக்கிளுக்கு எது கைகொடுக்கும்

சைக்கிளில் போகும்போது பின்னால் வருவதைப் பார்க்க நான்கு வழி இருக்கிறது: கழுத்தைத் திருப்புவது, ஹேண்டில் பாரில் கண்ணாடி மாட்டுவது, ஹெல்மெட்டிலோ மூக்குக்கண்ணாடியிலோ குட்டிக் கண்ணாடி பொருத்துவது, பின்னால் வரும் வண்டியை உணர்ந்து ஒலியெழுப்பும் ரேடார் விளக்கைச் சீட்டுக்குக் கீழே வைப்பது. கன்னியாகுமரி மாவட்டத்து ரோடுகளில் கண்ணாடி கட்டாயம் உதவும் என்பதே எங்கள் முடிவு. எந்தக் கண்ணாடி என்பதை உங்கள் சைக்கிளும் நீங்கள் போகும் ரோடும்தான் தீர்மானிக்கும்.

கழுத்துக்குச் செலவில்லை. ரோட்டின் முழு அகலமும், வண்டிகளின் உண்மையான தூரமும் தெரியும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள், நீங்கள் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடியில் 5 மீட்டர் கடந்துவிடும். அந்த 5 மீட்டருக்குள் இருக்கும் பள்ளம் கண்ணில் படாது. தாரின் ஓரம் மழையில் அரித்து மண் இறங்கிக் கிடக்கும் இடங்களில் இது நேராக விழுவதில் போய் முடியும். வலது தோளுக்கு மேல் திரும்பும்போது கையும் சேர்ந்து இழுக்கும், சைக்கிள் நடுரோட்டை நோக்கி நகரும். வலது கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு திரும்பினால் இந்த இழுப்பு வெகுவாகக் குறையும். ஆனால் கேரியரில் தேங்காய்ச் சாக்கோ ரப்பர் பால் கேனோ இருந்தால் ஒற்றைக் கையில் சமாளிப்பது கடினம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த வழி பாதி அடைபட்டதுதான்.

காதை நம்பலாமே என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை, வெள்ளமடம் வழியாக நாகர்கோவிலுக்கு ஓட்டிப் பாருங்கள். கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று முன்வலப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். காதில் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. பஸ் தோளருகே வந்த பிறகுதான் தெரியும். அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பஸ் வலப்பக்கம் கடக்கும்போது காற்றை மறைக்கிறது. தாங்கிய காற்று சட்டென்று இல்லாமல் போக, சைக்கிள் பஸ் பக்கமாகவே சாய்கிறது. பஸ் வருவது இரண்டு மூன்று நொடி முன்பே தெரிந்தால் பிடியை இறுக்கி, சாய்வைக் குறைத்து, ஓர் அடி இடப்பக்கம் ஒதுங்கலாம். இந்த ரோட்டுக்காக மட்டுமே கண்ணாடி வாங்கினாலும் அது வீண்செலவில்லை.

ஹேண்டில் பார் கண்ணாடியில் இரண்டு வகை. பாரின் முனைத் துளைக்குள் செருகி, ஆலன் கீயால் முறுக்கினால் உள்ளே ரப்பர் விரிந்து பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று. பாரைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு, தண்டின் மேல் நிற்பது மற்றொன்று. நேரான பார் உள்ள கியர் சைக்கிள்களுக்கு முதல் வகையே சிறந்தது: தண்டு குட்டை, அதனால் அதிர்வு குறைவு, பிம்பம் கலங்காது. கிரிப்பின் முனை மூடியிருந்தால் பிளேடால் வட்டமாக வெட்டித் திறக்க வேண்டும். துளை பெரிதாக இருந்து, செருகும் பகுதி வழுக்கினால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள்.

பழைய ஹீரோ, அட்லஸ் ரகச் சைக்கிளுக்கு இதை வாங்காதீர்கள். அவற்றின் கைப்பிடி முனைகள் ஓட்டுபவரை நோக்கித் திரும்பியிருக்கும். செருகிய கண்ணாடி ஹேண்டிலைத் திருப்பும்போது தொடையில் இடிக்கும். அங்கே கிளாம்ப் வகைதான் சரி. ஆனால் கம்பி பிரேக் (ராட் பிரேக்) உள்ள சைக்கிளில் பாருக்குக் கீழே பிரேக் கம்பி ஓடுகிறது. கிளாம்பை மாட்டியதும் பிரேக்கை முழுதாகப் பிடித்து விட்டுப் பாருங்கள். கம்பி உரசினாலோ, திரும்பி வரத் தாமதித்தாலோ இடத்தை மாற்றியே ஆக வேண்டும். கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் வழுக்காது, அதிர்வும் குறையும். பைக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. தெளிவாகத் தெரியும், ஆனால் கனம் அதிகம், தண்டு நீளம், பள்ளத்தில் விழ விழ நட் தளரும்.

வாங்கும்போது எல்லோரும் கோட்டைவிடுவது கண்ணாடியின் வளைவில். 6 செ.மீ. அகலமுள்ள தட்டைக் கண்ணாடி கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால், 30 மீட்டர் பின்னால் சுமார் 2.6 மீட்டர் அகலம்தான் அதில் தெரியும். ஒரு பஸ்ஸின் அகலம், அவ்வளவே. அதனால் பார் கண்ணாடி குவிந்ததாக இருக்க வேண்டும். குவிந்த கண்ணாடியின் சிக்கல் வேறு விதம்: வண்டி சிறிதாகத் தெரியும், ஆகவே தூரத்தில் இருப்பதுபோல் மனம் கணக்குப் போடும். 54 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் 18 கி.மீ. வேகச் சைக்கிளை நொடிக்கு 10 மீட்டர் நெருங்குகிறது. அந்தக் கணக்கில் பிழை வந்தால் திருத்த நேரமில்லை. ஆகவே வலப்பக்கம் திரும்ப நினைக்கிறவர் கண்ணாடியில் வண்டி தெரிந்தால் காத்திருக்கலாம். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் திரும்பிவிடக் கூடாது. கழுத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்த பிறகே திரும்ப வேண்டும்.

ஹெல்மெட் கண்ணாடிக்கு இந்தக் குறை இல்லை. கண்ணிலிருந்து 12 செ.மீ. தூரத்தில் இருப்பதால் 3.5 செ.மீ. தட்டைக் கண்ணாடியே 30 மீட்டர் பின்னால் 8 மீட்டருக்கு மேல் காட்டும், தூரமும் மாறாது, தலையைச் சற்று அசைத்தால் முழு ரோட்டையும் துழாவலாம். பழக ஒரு வாரமாவது ஆகும். முதலில் கண் வலிக்கும். மூக்குக்கண்ணாடியில் மாட்டுவது நம் வியர்வைக்குச் சரிப்படாது, சறுக்கிக்கொண்டே இருக்கும். மார்த்தாண்டம் சந்தை நெரிசல், கோட்டாறு போன்ற இடங்களில் தினமும் புகுந்து வருகிறவருக்கு ஹெல்மெட் வகையே நல்லது. பார் முனையில் நீட்டிக்கொண்டிருப்பது எதிலாவது இடிபட்டுத் திரும்பிப்போகும்.

ரேடார் விளக்கு 140 மீட்டர் தூரத்து வண்டியையே கண்டுபிடித்துச் சொல்லும். காலி ரோட்டில் அருமையான கருவி. நம் டவுன் ரோட்டில் ஓயாமல் ஒலிக்கும்; வருகிற வண்டி உங்களை ஒட்டி வருகிறதா, ஒதுங்கி வருகிறதா என்பதையும் சொல்லாது. விலையோ கண்ணாடியைப்போலப் பல மடங்கு.

குலசேகரம், திருவட்டார் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இருட்டில் எந்தக் கண்ணாடியிலும் ஹெட்லைட்டின் கூச்சம் மட்டுமே தெரியும், தூரம் தெரியாது. அந்த நேரத்துக்கு முதல் செலவு பின்பக்கச் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும். கண்ணாடி அதற்குப் பிறகு.

பொருத்தும்போது வேறொருவரை சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, வழக்கமாக ஓட்டும் நிலையிலேயே சரிசெய்யுங்கள். தொடுவானம் நடுவில் வர வேண்டும். உள்விளிம்பில் உங்கள் முழங்கை கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று கண் குழம்பும். முதல் 10 கி.மீ. ஓடியதும் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோரத்தில் ஓடும் சைக்கிளில் உப்புக்காற்றுக்குக் கண்ணாடியின் ரசம் ஓரத்திலிருந்து கறுத்து வரும், போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும். மரையில் கிரீஸ் தடவி மாட்டினால் பிறகு கழற்ற வரும். பிளாஸ்டிக் கண்ணாடியை மணல் படிந்திருக்கையில் வெறுந்துணியால் துடைத்தால் ஒரே வாரத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.