குமுளியில் ஓர் அக்கா கடை: சாப்பாடும் அங்கே நடக்கும் பேச்சும்

கம்பத்திலிருந்து காலைப் பேருந்தில் ஏறி, கூடலூரும் லோயர் கேம்பும் கடந்து, வளைவு வளைவாக மலையேறிக் கேரள எல்லையில் உள்ள குமுளியில் இறங்கி வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். காலைச் சாப்பாடும் மாலைத் தேநீரும் கடையில்தான் என்பதால், உட்காரும் கடையைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. 2024 ஆகஸ்ட் மாதக் கடைசியிலிருந்து ஒரே கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பெயர்ப்பலகை இல்லாத அந்தக் கடையை எல்லாரும் அக்கா கடை என்கிறார்கள். அங்கே சாப்பாடு எப்படி என்று சொல்வதற்கு முன்னால், அதுவரை எட்டு ஆண்டுகள் போய்வந்த வேறொரு கடையை நான் ஏன் விட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா கடையைப் பற்றிய என் மதிப்பீடு முழுவதும் அந்தக் காரணத்தில்தான் நிற்கிறது.

அன்று ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை அன்று பிற்பகல்தான் வெளியாகியிருந்தது. 2017 பிப்ரவரி 17 இரவு, கொச்சிக்குப் போகும் வழியில் ஒரு நடிகை ஓடும் காரில் வைத்துத் தாக்கப்பட்ட பிறகு, திரையுலகப் பெண்கள் சிலர் ஓர் அமைப்பாகச் சேர்ந்து முதலமைச்சரிடம் மனுக் கொடுத்தார்கள். அதன் விளைவாக நீதிபதி ஹேமா, நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி வல்சலகுமாரி ஆகிய மூவரைக் கொண்டு கேரள அரசு அமைத்த குழு அது. பெயர்கள் நீக்கப்பட்ட 233 பக்கங்கள் வெளியாகியிருந்தன. நான் உட்கார்ந்திருந்த கடையில் மூன்று மணி லாட்டரி முடிவுக்காகத் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றவர்கள், அதே ஆவலோடு, அறிக்கையில் எந்த நடிகர் சிக்குவார், எந்த நடிகை சொல்லியிருப்பாள் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “சினிமாவுக்குப் போறவளுக்கு இதெல்லாம் தெரியாதா?” என்றார் ஒருவர். எனக்கு எதிர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுக்குமேல் இராது. அவள் கையிலிருந்த துணி ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை சுற்றியது. பிறகு காலி தம்ளர்களை விரல் விரலாகக் கோத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இருந்தவரையில் திரும்பி வரவில்லை.

அவளுக்கு என்ன நடந்தது, நடந்ததா என்றே எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று அன்று உறைத்தது. புகழ்பெற்ற ஒருவர்மீது புகார் வரும்போது கடையில், பேருந்தில், வீட்டுத் திண்ணையில் நாம் சொல்லும் சொல் அந்த நடிகருடைய காதுக்கும் போவதில்லை, நடிகையின் காதுக்கும் போவதில்லை. பக்கத்தில் மேசை துடைக்கிறவளின் காதுக்கே போகிறது. நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் யாரிடம் வாய் திறக்கலாம், யாரிடம் கூடாது என்று அந்த நேரத்தில் அவள் முடிவு செய்துகொள்கிறாள். மறுநாளிலிருந்து நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

இனி அக்கா கடை. பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தோட்டத்து ஜீப்புகள் ஆள் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடத்துகிற அக்கா உத்தமபாளையத்தில் பிறந்து, வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர்; தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். காலையில் இட்லி, தோசை, புட்டும் கடலைக்கறியும். மதியம் குத்தரிசிச் சோறும் சாம்பாரும் ஒரு மீன் குழம்பும். மாலையில் பழம்பொரியும் சுக்குக் காப்பியும். தோசை மெல்லிசாக, ஓரம் முறுகி வரும். தேங்காய்ச் சட்னியில் சின்ன வெங்காயம் வைத்து அரைப்பதால் எங்கள் பக்கத்து ருசி கிடைக்கும். கடலைக்கறியில் உப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை. மீன் குழம்பில் குடம்புளி தூக்கலாக இருக்கும், அது பிடிக்காதவர்கள் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளலாம். தேநீர் நல்ல தேநீர்.

சாப்பாட்டைவிட நான் அதிகம் எழுத விரும்புவது கடையின் பின்புறம் இருக்கும் கழிப்பறையைப் பற்றி. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, விளக்கு எரிகிறது, வாளியில் தண்ணீர் இருக்கிறது, பையை மாட்ட ஆணி இருக்கிறது. சாவி கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். கடையில் எதுவும் வாங்காத பெண்ணும் எடுத்துக்கொண்டு போகலாம். ஹேமா குழு அறிக்கை வெளியான வாரத்தில் இந்தக் கடையில் நடந்த பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாததால், பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்று அறிக்கை சொல்வதைத் தொலைக்காட்சி வாசித்தபோது, ஏலத்தோட்டத்திலிருந்து வந்து இறங்கியிருந்த பெரியம்மா ஒருவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இது நம்ம கதையால்ல இருக்கு, தாயி” என்றார். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் அடைந்து மலையேறி, மாலைவரை செடிக்குள் குனிந்து காய் எடுக்கும் பெண்களில் எத்தனை பேர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பேச்சு அங்கிருந்து, முகம் பார்த்து வேலைக்கான செடி வரிசையை ஒதுக்கும் கங்காணிகளுக்கும், ‘அனுசரித்துப் போ’ என்ற சொல்லுக்கும் நகர்ந்தது. பட வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கேட்பதைக் குறித்து அறிக்கையில் வரும் ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ என்ற சொல்லை அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா அந்தப் பேச்சை நடத்திய விதத்தை நான் நேரில் பார்த்தேன். ஜீப் ஓட்டும் ஒருவர், கெட்ட மனிதர் இல்லை, உண்மையான சந்தேகமாகவே கேட்டார்: “நடந்தப்பவே சொல்லாம, இத்தனை வருசம் கழிச்சு ஏன் சொல்லணும்?” அடுப்பிலிருந்து திரும்பாமலே அக்கா சொன்னார்: “குழு அறிக்கையைக் கொடுத்தது 2019 டிசம்பர் 31. சர்க்கார் அதை வெளிய விட்டது இப்போ. சர்க்காருக்கே நாலரை வருசத்துக்கு மேல ஆகியிருக்கு, அண்ணே. ஒத்தைப் பொம்பளைக்கு எவ்வளவு ஆகும்?” அவர் பதில் பேசவில்லை, கோபப்படவும் இல்லை. அக்கா அவருக்கு இன்னொரு பழம்பொரி வைத்தார். வாடிக்கையாளரை அவமானப்படுத்தாமல், அந்தக் கேள்வியை மட்டும் அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவைத்தது எனக்குப் பெரிய திறமையாகத் தோன்றியது.

இன்னொரு வழக்கமும் இந்தக் கடையில் உண்டு. தாக்கப்பட்ட பெண் யார் என்று பெயர் சொல்லத் தொடங்கினால் அக்கா நிறுத்திவிடுவார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. அக்காவுக்குப் பிரிவு எண் தெரியாது. மலையாளத்தில் அந்த நடிகையை முதலில் ‘இர’ என்றார்கள், நம் இரை என்ற சொல்தான் அது; பிறகு ‘அதிஜீவித’ என்றார்கள், கடந்து வாழ்கிறவள் என்ற பொருளில். “இந்த ரெண்டாவது சொல்லைத்தான் என் கடையில சொல்லணும்” என்பார் அக்கா. தமிழில் நாம் இன்னும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதிலேயே நிற்கிறோம்.

எல்லை ஊர் என்பதால் இங்கே ஒரு தனி நோய் உண்டு. 2021 மே மாதத்தில், மலையாளக் கவிஞர் ஓ.என்.வி. பெயரிலான கேரள இலக்கிய விருது எங்கள் தேனி மாவட்டத்துக் கவிஞர் ஒருவருக்கு அறிவிக்கப்பட்டபோது, 2018இல் அவர்மீது ஒரு பாடகி உள்ளிட்ட பெண்கள் கூறியிருந்த, அவர் மறுத்துவந்த குற்றச்சாட்டுகளை முன்வைத்து மலையாளத் திரையுலகப் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறுபரிசீலனை செய்வதாக விருதுக்குழு சொன்னது. அவர் விருதை ஏற்க மறுத்துவிட்டார். அப்போது நான் போய்வந்த கடையில் அதைத் தமிழனுக்கு நேர்ந்த அவமானம் என்று மட்டுமே பேசினார்கள். குற்றம் சாட்டிய பெண்களிலும் தமிழ்நாட்டுக்காரிகள் இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. 2024இல் சக்கரம் சுற்றியது: “மலையாளப் படம்னாலே இப்படித்தான்” என்று எங்கள் பக்கத்து ஆட்கள் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். செப்டம்பரில் சென்னையில் நடிகர் சங்கமும் கூடி, குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டு தடை என்று தீர்மானம் போட்டபோது, புகாரை முதலில் சங்கத்தின் குழுவிடம்தான் சொல்ல வேண்டும், ஊடகங்களில் பேச வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. அக்கா கடையில் இந்த ஊர்ச் சண்டை எழாமல் இல்லை. எழுந்தால், மலையாளி சேட்டனும் தமிழ் அண்ணனும் ஒரே மேசையில் இருப்பதால், சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

குறை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2025 டிசம்பர் 8 அன்று நடிகை தாக்கப்பட்ட அந்த 2017 வழக்கில் எர்ணாகுளம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றத்தில் நேரடியாக ஈடுபட்ட ஆறு பேர் குற்றவாளிகள் என்றும், சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னணி நடிகர் விடுவிக்கப்படுகிறார் என்றும் சொன்னது. ஆறு பேருக்கும் சில நாளில் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கடையில் ஒருவர் லட்டு வாங்கிவரக் கிளம்பினார். இன்னொருவர் நீதிபதியையே திட்டினார். மூன்றாவது ஆள், “அப்ப எல்லாமே பொய்யின்னு ஆயிப்போச்சு” என்றார். அந்த நேரத்தில் அக்கா தொலைக்காட்சியை அணைத்து, “கடையில இனி இதைப் பேச வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். சண்டை வந்துவிடும் என்று பயந்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு என்று அன்றே அவரிடம் சொன்னேன். ஒருவர் விடுவிக்கப்பட்டார் என்பதை ஏற்றுக்கொள்கிறவர், ஆறு பேருடைய குற்றம் நிரூபணமாகியிருக்கிறது என்பதையும், அந்தப் பெண் சொன்ன கொடுமை நடந்ததுதான் என்பதையும் ஏற்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்லிவிட்டு அணைத்திருக்கலாம். பெட்டி அணைந்தபோது கடையில் நான்கு தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் கடைசியாக விழுந்த சொல் ‘பொய்’ என்பதுதான். ஹேமா குழுவிடம் சாட்சி சொன்ன பெண்களில் பலர் பிறகு காவல்துறை வழக்கைத் தொடர முன்வரவில்லை, அதனால் பல வழக்குகள் கைவிடப்பட்டன என்ற செய்தியைப் படித்தபோதும் எனக்கு இப்படிப்பட்ட சொற்கள்தான் நினைவுக்கு வந்தன.

அக்கா இதைக் கேட்டு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், கழிப்பறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பெண்கள் உதவி எண் 181 என்று தமிழிலும் மலையாளத்திலும், பெரிய எழுத்தில். தனியாக உள்ளே போகிற பெண் யார் கண்ணிலும் படாமல் படித்துக்கொள்ளக்கூடிய இடம் அது. இரண்டு மாநிலத்திலும் அந்த எண் ஒன்றுதான் என்பதால் எல்லைக்கு எந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் பயன்படும். கூடவே இன்னொன்றும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலும், முதலாளியே தவறு செய்யும் இடங்களிலும், வேலையிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். குடியிருப்பது தேனி மாவட்டமானாலும், வேலை செய்யும் தோட்டம் இடுக்கியில் இருந்தால் இடுக்கி மாவட்டக் குழுவிடம்தான் போக வேண்டும். இதை நான் கேட்டவரையில் ஜீப்பில் வருகிற பெண்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. “எழுதிக் குடு, ஒட்டுறேன்” என்றார் அக்கா. தமிழ் எழுதிவிட்டேன். மலையாளத்தை எங்கள் அலுவலகத்துச் சேச்சி பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: கடை காலை ஆறரைக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. புட்டு எட்டரைக்குள் தீர்ந்துவிடும். கைபேசியில் பணம் அனுப்பலாம், மழை நாளில் சிக்னல் கிடைக்காது, சில்லறை வைத்துக்கொள்வது நல்லது. சுவரோரப் பெஞ்சு ஆடும். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். மாலை நாலரைக்குமேல் தோட்டத்து ஜீப்புகள் வந்துவிடும், அப்போது பின்பக்கத்துச் சாவிக்கு வரிசை நிற்கும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.